காலையில் பசிப்பதில்லை என்று சொல்லும் மாணவிகளுக்கு

ஊரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து அரசு கலைக் கல்லூரிக்கு வந்து சேரும் முதலாமாண்டுப் பிள்ளைகளே,

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனையியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். உங்களில் பலர் காலையில் சாப்பிடாமல்தான் வகுப்பில் வந்து உட்காருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் நேரமில்லை என்று சிலர் சொல்வீர்கள். பெரும்பாலும் வரும் பதில் வேறு: "காலையில பசிக்காது மேடம். சாப்பிட்டா வாந்தி வர்ற மாதிரி இருக்கும்." இந்தப் பதிலை நான் நம்புகிறேன். நீங்கள் சாக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பசிப்பதில்லை. ஆனால் அது உங்கள் உடம்பின் இயல்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் மாற்ற விரும்புகிறேன்.

பசி பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது. இரைப்பையில் கிரெலின் என்றொரு சுரப்பு உண்டு. பசியைத் தூண்டுவது அதுதான். வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது தானாகவே கூடும், அந்த நேரம் தாண்டிவிட்டால் சாப்பிடாவிட்டாலும் மெல்ல இறங்கிவிடும். எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு எட்டு மணிக்கு முன்பே வயிறு கூப்பிடும். காலையில் எதுவுமே வராது என்று பழகிவிட்ட வயிறு அந்த நேரத்தில் கேட்பதை நிறுத்திவிடும். கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று ஆகாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. இரவுச் சாப்பாடு உங்கள் வீடுகளில் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் நடக்கிறது. வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு உலை வைத்து, அதற்கு மேல் வயிறு நிறையச் சோறு தின்று உடனே படுத்தால், காலை ஐந்து மணிக்கு வயிறு மந்தமாகத்தான் இருக்கும்.

ஆக, பசியின்மை உங்களுக்குப் பிறவியில் வந்ததல்ல, வீட்டின் அன்றாட ஏற்பாட்டில் வந்தது. அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் குடங்களை நிரப்பி, பாத்திரம் கழுவி வைக்கிறீர்கள். அம்மா நூறு நாள் வேலைக்கோ, கட்டட வேலைக்கோ, ஓசூர்க் கம்பெனி வண்டிக்கோ கிளம்பியாக வேண்டும். அடுப்பில் இருப்பது அப்பாவுக்கும் தம்பிக்கும் முதலில் போகிறது. தம்பிக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது பல வீடுகளில் நீங்கள்தான். கடைசியில் ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு ஓடுகிறீர்கள். யாரும் உங்களைச் சாப்பிடாதே என்று சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். உங்கள் அம்மாவிடமும் அதைக் கேட்க ஆளில்லை. நெருக்கடியில் யாருடைய தட்டு விட்டுப்போகிறது என்று கவனித்துப் பாருங்கள். எல்லா நாளும் அது ஒரே ஆளின் தட்டாக இருந்தால், அதற்கு நேரமின்மை என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

இந்த மாநிலத்துக்குப் பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது புதிய செய்தியல்ல. 1920லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைக்குக் காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, காய்கறி போட்ட சாம்பாரோடு கிடைக்கிறது. நான் மனதார வரவேற்கும் திட்டம் அது. ஆனால் அது வந்தபோது நீங்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டீர்கள். இன்றும் தம்பியையோ தங்கையையோ பள்ளியில் விட்டு, அங்கே சாம்பார் கொதிக்கும் மணத்தைத் தாண்டி, வெறும் வயிற்றோடு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் அக்காக்கள் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்காரிக்கும் அந்தச் சாப்பாடு வேண்டும் என்று அரசு நினைக்கும் நாள் வரட்டும், கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை உங்கள் பங்கை நீங்களே எடுத்து வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டவர் அடுத்த வேளையை மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டால் இடைவெளி பதினாறு மணி நேரம். அந்தப் பதினாறில் குடம் தூக்கியதும், பஸ்ஸில் நின்றபடி வந்ததும், மூன்று நான்கு பாடவேளைகளும் அடக்கம். மூளை நம் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான், ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இரவில் அதற்கு ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். விடியும்போது அந்தச் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அதற்குப் பிறகும் உடல் சமாளிக்கும். கொழுப்பைக் கரைக்கும், தசையிலிருந்து கொஞ்சம் எடுக்கும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் சமாளிப்பது வேறு, தெளிவாகப் பாடம் கேட்பது வேறு. பதினோரு மணிவாக்கில் தலை கனப்பதும், எரிச்சல் வருவதும், எழுதிக்கொண்டிருக்கும் வரி கண்ணில் நழுவுவதும் உங்கள் அறிவுக்குறையால் அல்ல. கணக்கும் ஆங்கிலமும் எனக்கு வராது என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? முதல் நாளே நான்கு இட்லி சாப்பிட முயலாதீர்கள். குமட்டும், "பார்த்தீங்களா, எனக்கு ஒத்துக்காது" என்று விட்டுவிடுவீர்கள். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். டீயைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் குடிக்கும் டீ பலருக்குப் புளித்த ஏப்பத்தையும் குமட்டலையும் கொண்டுவருகிறது, அதில் போட்ட சர்க்கரை பசியைக் கொஞ்ச நேரம் அமுக்கியும் விடுகிறது. கிளம்புவதற்குமுன் ஒரு வாழைப்பழம் போதும். அதுவும் முடியாதென்றால் பாதிப் பழம். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, அல்லது வறுத்த வேர்க்கடலையோடு ஒரு துண்டு வெல்லம். ஒரு வாரம் இதை ஒரே நேரத்தில் செய்யுங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட, அதே நேரத்தில் சாப்பிடுகிறோமா என்பதுதான் இந்தக் கட்டத்தில் முக்கியம். வயிறு நேரத்தைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் ஒரு டம்ளர் கூழோ ஓர் இட்லியோ சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டை அரைமணி நேரம் முன்னே இழுக்க முடிந்தால், அல்லது இரவில் ஒரு கரண்டி சோற்றைக் குறைக்க முடிந்தால், வேலை இன்னும் சுலபம். மூன்று நான்கு வாரத்தில் ஒருநாள் காலையில் நீங்கள் அடுப்படியில் எதையாவது தேடுவீர்கள். பசி திரும்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எதைச் சாப்பிடுவது என்று வந்தால் நான் கூழிலிருந்துதான் தொடங்குவேன். நம் மண் கேழ்வரகு விளையும் மண். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே எடைப் பாலில் ஏறத்தாழ 120. தீட்டிய அரிசியில் பத்தைச் சுற்றித்தான். உங்கள் வயதில் எலும்பு இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டுகளில் சேர்த்துக்கொண்ட கால்சியத்தை வைத்துத்தான் ஐம்பது வயதுக்குமேல் காலம் தள்ள வேண்டும். மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, நொய் வெந்துகொண்டிருக்கும்போது அதை ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி இறக்கி ஆறவைத்து, மறுநாள் காலையில் மோரும் உப்பும் விட்டுக் கரைக்கும் அந்த முறையை உங்கள் பாட்டி அறிவார். புளிக்கும்போது, தானியத்தில் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்திருக்கும் ஃபைடேட் என்ற பொருள் குறைகிறது. சத்து உடலில் சேர வழி பிறக்கிறது. காலை ஐந்தரைக்கு அடுப்பே பற்றவைக்காமல் தயாராகும் சாப்பாடு இது. குமட்டும் வயிறும் ஏற்றுக்கொள்ளும். கூடவே சின்ன வெங்காயம் இரண்டு, இருந்தால் ஒரு மோர் மிளகாய்.

பழைய சோறும் அப்படித்தான். இரவு மிஞ்சிய சோற்றை வெதுவெதுப்பாகவே நெடுநேரம் விட்டுவைக்காமல், ஆறியதும் நல்ல தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் காலைக்குள் லேசாகப் புளித்திருக்கும். கோடையில் சீக்கிரம் கெடும், வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் குடல் நோய்களுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆய்வில் இறங்கினார்கள். நட்சத்திர விடுதிகளில் மண்சட்டியில் ஊற்றி விலை வைத்து விற்கிறார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், கல்லூரியில் தோழிகள் "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் கூழ் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தோசை என்று மாற்றிச் சொல்பவர்களும், கேள்விக்குப் பயந்து சாப்பிடாமலேயே வருபவர்களும் உண்டு. கூழும் பழைய சோறும் ஏழ்மையின் அடையாளம் என்று உங்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வறட்சிக் காலங்களிலும் இந்த ஊரை உயிரோடு வைத்திருந்த சாப்பாடு அது. தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

இட்லி, தோசை மாவு வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒன்று. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் என்றால் புரதம் போதாது. ஓர் இட்லியில் இரண்டு கிராம்கூடத் தேறாது, உங்களுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் அளவுக்கு வேண்டும். சாம்பாரில் பருப்பைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள், சட்னியில் வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ சேர்த்து அரையுங்கள். முட்டை சாப்பிடும் வீடென்றால் அவித்த முட்டை ஒன்று ஆறு கிராம் தரும். முதல் நாள் ஊறவைத்து முளைகட்டிய பாசிப்பயறு ஒரு கைப்பிடி இருந்தாலும் நல்லது. ஓட்ஸும் கார்ன்பிளேக்ஸும் விளம்பரத்தில் பார்த்து வாங்க ஆசைப்பட வேண்டாம், அதே பணத்துக்கு வீட்டில் இருக்கும் கடலை அதிகம் தரும்.

வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நேரமே இல்லை என்பவர்கள் இரண்டு டப்பா கட்டுங்கள், மதியத்துக்கு ஒன்று, காலைக்குச் சின்னதாய் ஒன்று. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே சாப்பிடலாம். மலைப்பாதை வளைவுகளில் வருபவர்கள் ஓடும் பஸ்ஸில் சாப்பிட வேண்டாம், இறங்கியதும் சாப்பிடுங்கள். முதல் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தால்கூடப் போதும், மரத்தடியில் நான்கு பேராக உட்காருங்கள். தனியாக டப்பாவைத் திறக்கக் கூசுபவளும் கூட்டத்தில் திறப்பாள். பஸ் தாமதத்தால் அந்தப் பத்து நிமிடமும் கிடைக்காத நாளில் ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உடன் பணிபுரிந்தவர்களையும் இங்கே கேட்டுக்கொள்கிறேன்: வருகைப் பதிவு முடிந்ததும் ஐந்து நிமிடம் வெளியே போய்ச் சாப்பிட்டு வர ஒரு பிள்ளை அனுமதி கேட்டால், எல்லார் முன்னிலையிலும் காரணம் கேட்காமல் அனுப்பிவையுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அது வீட்டுக் கடனுக்கும், தம்பியின் கட்டணத்துக்கும், சில நேரம் அடுத்த வீட்டுக் கல்யாண மொய்க்கும் போய்விடுவதை அறிவேன். முழுவதையும் நிறுத்திவையுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். மாதத்துக்கு இவ்வளவு வாழைப்பழம், இவ்வளவு கடலை, வாரத்துக்கு இத்தனை முட்டை என்று ஒரு சிறு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். படிப்பதற்காக வந்த பணம் அது. சாப்பிடுவது படிப்புச் செலவுதான்.

உடம்பு இளைக்கக் காலையில் சாப்பிடாமல் இருப்பவர்களுக்கு நேர்மையாக ஒன்றைச் சொல்கிறேன். காலையில் சாப்பிடாவிட்டால் எடை கூடும் என்று பயமுறுத்துவார்கள், அது நிரூபணமாகவில்லை. 2019இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ், வசதியான நாடுகளில் நடந்த 13 சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டது. காலையில் சாப்பிட்டவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். எடையில் அரைக் கிலோவுக்கும் குறைவான வேறுபாடு இருந்தது. அதாவது, சாப்பிடாதவர்கள் விட்ட வேளையைப் பிறகு முழுவதுமாக ஈடுகட்டவில்லை. தேவைக்கு மேல் சாப்பாடு கிடைக்கும் ஊரில் அந்த 260 கலோரி ஒரு சுமை. தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டு, குடம் தூக்கி, இரண்டு பஸ் மாறி வரும் உங்களுக்கு விட்டுப்போகும் அந்த 260 கலோரிதான் பிரச்சினையே. காலையில் பட்டினி கிடந்து பதினோரு மணிக்குக் கல்லூரி வாசலில் இரண்டு போண்டாவும் டீயும் சாப்பிடுவதால் யாரும் இளைத்துவிடவும் இல்லை.

நோன்பும் விரதமும் வேறு விஷயம். ரமலானில் சஹர் நேரத்தில் எழுந்து சாப்பிட்டு நோன்பு வைப்பவர்களையோ, வேண்டுதலுக்காக ஒருநாள் விரதம் இருப்பவர்களையோ நான் குறிப்பிடவில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை வெறும் வயிற்றில் போட்டு அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். மாத்திரையைச் சாக்கிட்டுச் சாப்பாட்டையே விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக இரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. உங்கள் வகுப்பில் பக்கத்தில் இருப்பவளுக்கு இல்லையென்றால் உங்களுக்கு இருக்கக்கூடும் என்ற அளவுக்கு அது பரவியிருக்கிறது. அது தரும் சோர்வுக்குக் காலைச் சாப்பாடு மட்டும் மருந்தாகாது. ஆனால் நாளுக்கு இரண்டு வேளையில் வேண்டிய இரும்பைச் சேர்ப்பது மிகக் கடினம். முருங்கைக்கீரை, பயறு வகை, கம்பு, கேழ்வரகு, எள், முடிந்தவர்களுக்கு ஈரலும் கறியும் உதவும். அவற்றோடு ஒரு கொய்யாவோ, நெல்லிக்காயோ, கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சேர்வது குறையும், ஆகவே டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுத்த நீல நிற மாத்திரை வயிற்றைப் புரட்டியது என்று தூர எறிந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருந்தால் அவ்வளவு புரட்டியிருக்காது.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, எழுந்து நிற்கையில் கண் இருட்டினாலோ, மாதவிடாயில் இரத்தப்போக்கு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தாலோ, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பணம் கட்ட வேண்டாம். 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் மாத்திரை தருவார்கள், எத்தனை மாதம் போட வேண்டும் என்று கேட்டு, நடுவில் நிறுத்தாமல் போடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் அதே நாளில், புது ஊசியில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனையியல் ஆசிரியை